ஈஸ்டில் போதைப்பொருள் செய்தால் சட்டம் என்ன செய்யும்?

குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டது இது: "மரபணு மாற்றிய ஈஸ்ட், கஞ்சாவில் போதை தரும் டிஹெச்சியையும் அபினில் இருக்கும் மார்ஃபின் போன்ற ஆல்கலாய்டுகளையும் செய்கிறது என்று பாடத்தில் வந்தது. நம் சட்டம் கஞ்சாச் செடி, கசகசாச் செடி என்றுதானே பேசுகிறது? செடியே இல்லாமல் செய்தால் அது எப்படிக் குற்றமாகும்? வீட்டில் ஒருவர் இதைச் செய்துவிட முடியுமா? இந்தத் துறையில் நான் ப்ராஜெக்ட் எடுத்தால் சிக்கல் வருமா?"

நான் நுண்ணுயிரியல் கற்பித்தவன். கல்லூரியின் உயிரிப்பாதுகாப்புக் குழுவில் இருந்த காரணத்தால் இந்தச் சட்டங்களை வரி வரியாகப் படிக்க வேண்டி வந்தது. அந்த அளவில் பதில் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: குற்றம்தான். செடி இல்லை என்பதால் தப்பிக்க வழியில்லை. ஆனால் உங்கள் கேள்விக்குள் நீங்கள் கேட்காத ஒரு உண்மையான ஓட்டை இருக்கிறது. ஈஸ்ட் செய்து முடித்த பொருளைச் சட்டம் பிடித்துவிடும். அதைச் செய்யக் காத்திருக்கும் ஈஸ்டைப் பற்றிச் சட்டத்தில் தெளிவான ஒரு வரி கிடையாது. இந்தப் பதிலில் நான் அதிகம் பேசப்போவது அதைப் பற்றித்தான். அதற்கு முன் அறிவியல் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம்.

நுண்ணுயிரை மருந்துத் தொழிற்சாலையாக மாற்றுவது புதிய விஷயம் அல்ல. மனித இன்சுலினை ஈ.கோலை பாக்டீரியாவில் 1978-இல் செய்தார்கள். 1982-இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. நம் மாவட்டத்தில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் எல்லோரும் இந்தத் தொழில்நுட்பத்தின் பயனாளிகள்தான். ஆனால் இன்சுலின் ஒரு புரதம். ஒரு மரபணுவைக் கொடுத்தால் ஏறக்குறைய வேலை முடிந்தது. மார்ஃபின் போன்ற ஆல்கலாய்டு அப்படி இல்லை. செடி அதைப் பல படிகளில், படிக்கு ஒரு நொதி வைத்துச் செய்கிறது. அந்தப் பாதை முழுவதையும் ஈஸ்டுக்குள் கொண்டுவந்து, நடுவில் எங்கும் தேங்காமல் ஓட வைக்க வேண்டும்.

இதற்கு வழிகாட்டிய வேலை மலேரியா மருந்தில் நடந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜே கீஸ்லிங் குழு 2006-இல் ஆர்ட்டிமிசினின் என்ற அந்த மருந்துக்கு முந்தைய அமிலத்தை ஈஸ்டில் செய்து காட்டியது. 2013-இல் அது லிட்டருக்கு 25 கிராம் வரை வந்தது. அடுத்து வந்த 2015, உங்கள் கேள்விக்கு முக்கியமான ஆண்டு. அந்த மே மாதத்தில் பெர்க்லியின் ஜான் டூபரும் கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழக வின்சென்ட் மார்ட்டினும், அபின் ஆல்கலாய்டுகளின் பொது மூதாதையான ரெட்டிகுலின் வரையான பகுதியை ஈஸ்டில் முடித்ததாக வெளியிட்டார்கள். ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டினா ஸ்மோல்கி குழு, சர்க்கரையில் தொடங்கித் தீபெய்ன் என்ற அபின் ஆல்கலாய்டு, ஹைட்ரோகோடோன் என்ற வலி மருந்து வரை முழுப் பாதையையும் ஒரே ஈஸ்டில் ஓட வைத்தது. தீபெய்னுக்கு 21 நொதிகள், ஹைட்ரோகோடோனுக்கு 23. செடி, பாக்டீரியா, எலி என்று பல உயிர்களிலிருந்து எடுத்த மரபணுக்கள் அவை.

அப்போது கிடைத்த அளவைக் கவனியுங்கள். ஹைட்ரோகோடோன் லிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம். ஒரு வேளை வலி மருந்துக்கு 4,400 காலன், அதாவது 16,600 லிட்டருக்கு மேல் ஈஸ்ட் கரைசல் வேண்டும். ஒரு லட்சம் மடங்கு முன்னேறினால்தான் கசகசா வயலோடு போட்டியிட முடியும் என்று அந்தக் குழுவே எழுதியது.

அதன் பிறகு வரிசையாக வந்தன. 2016-இல் ஜப்பானியக் குழு ஒன்று தீபெய்னை ஈ.கோலையில் செய்தது. 2019-இல் கீஸ்லிங் குழு கஞ்சாவின் கன்னாபினாய்டுகளை ஈஸ்டில் செய்தது. மேஜிக் காளானில் இருக்கும் சைலோசிபினை அமெரிக்காவின் ஒஹையோவில் 2019-இல் ஈ.கோலையிலும், டென்மார்க்கில் 2020-இல் ஈஸ்டிலும் செய்தார்கள். 2020-இல் ஸ்மோல்கி குழு, நம் ஊர் ஊமத்தையில் இருக்கும் ஸ்கோபொலமினையும் ஹையோசயமினையும் ஈஸ்டில் கொண்டுவந்தது. 2022-இல் கீஸ்லிங் குழு, நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தின் இரண்டு பகுதிகளையும் ஈஸ்டில் செய்தது. தெற்குத் தமிழ்நாட்டில் வேலியோரம் பூக்கும் செடி அது. இந்தப் பட்டியலில் போதைக்குப் பயன்படுவதும் உயிர் காப்பதும் கலந்தே வருகின்றன. இரண்டுக்கும் தொழில்நுட்பம் ஒன்றேதான். அதனால் "போதை ஈஸ்ட் ஆராய்ச்சி" என்று தனியாக ஒன்றைப் பிரித்து நிறுத்திவிட முடியாது.

சரி, வீட்டில் செய்ய முடியுமா? முடியாது என்றே சொல்வேன், அதற்கு ஒரு சோதனையும் நடந்திருக்கிறது. 2015-இல் ஸ்மோல்கி, ட்ரூ எண்டி உள்ளிட்டோர் தங்கள் ஈஸ்டை, வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் வைக்கும் சூழலிலேயே வளர்த்துப் பார்த்தார்கள். ஈஸ்ட் நன்றாக வளர்ந்தது. தீபெய்ன் கொஞ்சமும் வரவில்லை. இப்படி வடிவமைத்த உயிருக்கு ஆக்சிஜன், அமிலத்தன்மை, சர்க்கரை எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தன் மேல் ஏற்றிய சுமையை உதறிவிட்டுச் சாதாரண ஈஸ்டாக வாழப் பார்க்கும். அது நேற்றைய ஸ்ட்ரெயினின், அதாவது அன்றைய ஈஸ்ட் ரகத்தின், கதை என்பதையும் நான் மறக்கவில்லை. ஸ்மோல்கி நிறுவிய ஆன்தியா நிறுவனம் தீபெய்னைத் தொழிற்சாலை அளவில் நொதிக்க வைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஒரு முறை நன்றாக வேலை செய்யும் ஸ்ட்ரெயின் உருவாகிவிட்டால், அதை உருவாக்கத் தேவைப்பட்ட பத்தாண்டு அறிவு அதை வளர்ப்பவருக்குத் தேவையில்லை.

இனி சட்டம்.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள், மனமயக்கப் பொருள் சட்டம், அதாவது என்.டி.பி.எஸ். சட்டம், இரண்டு வேறு வினைகளைப் பேசுகிறது. ஒன்று உற்பத்தி. அபின், கசகசாத் தட்டை, கோகோ இலை, கஞ்சா ஆகியவற்றை அவற்றின் செடியிலிருந்து பிரித்தெடுப்பது மட்டும்தான் இந்தச் சட்டத்தில் உற்பத்தி. இன்னொன்று தயாரிப்பு. அந்த உற்பத்தியைத் தவிர, போதைப்பொருளோ மனமயக்கப் பொருளோ கிடைக்கக்கூடிய எல்லாச் செயல்முறைகளும் தயாரிப்பு என்கிறது பிரிவு 2. 1961-இல் உலக நாடுகள் போதைப்பொருள் பற்றிச் செய்துகொண்ட ஒற்றை ஒப்பந்தத்தின் வாசகமும் ஏறக்குறைய இதுதான். எழுதியவர்கள் ஈஸ்டை நினைத்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் "எல்லாச் செயல்முறைகளும்" என்ற வலை ஈஸ்டையும் பிடித்துக்கொள்கிறது. மருத்துவ, அறிவியல் தேவைக்காக உரிய அனுமதியோடு செய்வதைத் தவிர, தயாரிப்பது, வைத்திருப்பது, விற்பது, கொண்டுபோவது எல்லாவற்றையும் பிரிவு 8 தடுக்கிறது.

இதைப் பொருள் பொருளாகப் பார்த்தால்தான் தெளியும். மார்ஃபின், கோடீன், தீபெய்ன் மூன்றும் பெயர் சொல்லியே சட்டத்தில் இருக்கின்றன. ஆனால் "அபின் வழிப்பொருள்" என்ற தலைப்பின் கீழ் இருக்கின்றன. ஈஸ்ட் செய்த மார்ஃபின் அபினைப் பார்த்ததே இல்லையே, அது எப்படி அபின் வழிப்பொருள் ஆகும் என்று ஒரு வக்கீல் கேட்கலாம். கேட்கத் தகுந்த கேள்விதான். என் கருத்தில் அது நிற்காது. அந்த உட்பிரிவு ஆல்கலாய்டுகளைப் பெயரால் சொல்கிறது; எங்கிருந்து வந்தவை என்று நிபந்தனை வைக்கவில்லை. அப்படியே ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்டாலும், மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டு அந்த வழியை அடைத்துவிடலாம். அதற்கான அதிகாரம் அதே பிரிவில் இருக்கிறது.

கஞ்சா விஷயம் இதைவிட விசித்திரம். சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூ, காய் நுனிகளையும் பிசினையும்தான். ஈஸ்டில் வந்த டிஹெச்சி அந்த வரையறையில் வராது. ஆனால் டிஹெச்சி மனமயக்கப் பொருள்களின் அட்டவணையில் தனியாக இருக்கிறது. அந்த வரையறை இயற்கையானதா செயற்கையானதா என்று பார்ப்பதே இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. சைலோசிபினும் அதே அட்டவணையில் உண்டு. அதனால் செடி இல்லாமல் டிஹெச்சி செய்தவருக்குப் கஞ்சாவுக்கான பிரிவு 20 போய், மனமயக்கப் பொருளுக்கான பிரிவு 22 வரும். கடும் தண்டனை தொடங்கும் எடையான வணிக அளவு கஞ்சாவுக்கு 20 கிலோ. டிஹெச்சிக்கு 50 கிராம். செடியைத் தவிர்த்ததால் அவர் நிலைமை மோசமாகத்தான் ஆகிறது. சிபிடி என்ற மற்றொரு கன்னாபினாய்டின் பெயர் அட்டவணையில் இல்லை. ஈஸ்டில் சிபிடி மட்டும் செய்தால் இந்தச் சட்டத்தில் அது எங்கே நிற்கும் என்பது விவாதத்துக்கு உரியது. ஸ்கோபொலமின் இந்தச் சட்டத்துக்குள் வருவதே இல்லை. அது மருந்துச் சட்டங்களின் கையில் இருக்கிறது.

இங்கே நம் மாவட்டத்திலேயே இருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பனையேறி சுண்ணாம்பு தடவிய கலயத்தைப் பாளையில் கட்டினால் மறுநாள் காலையில் அக்கானி, அதாவது பதநீர், இறங்குகிறது. சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் அதே சாறு கள். முன்னதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கலாம், தெருவில் விற்கலாம். பின்னதை 1987 முதல் தமிழ்நாட்டில் இறக்கினால் வழக்கு. களியக்காவிளை தாண்டி இஞ்சிவிளை போய்விட்டால் உரிமம் பெற்ற கடையில் அதே கள் சட்டப்படி விற்பனைக்கு இருக்கிறது. இந்த முழு வேறுபாட்டையும் உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட். ஆனாலும் எந்த மாநிலமும் ஈஸ்டைத் தடை செய்யவில்லை, செய்யவும் முடியாது. அது காற்றில், பாளையில், வண்டின் காலில் எல்லா இடத்திலும் இருக்கிறது. அதனால் கலயத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்ப்பதே அங்கே சரியான சட்டம். ஓபியாய்டு ஈஸ்ட், அதாவது மார்ஃபின் வகைப் பொருள்களைச் செய்யும் ஈஸ்ட், அப்படி இல்லை. அது எந்தப் பனையிலும் தானாக வராது. யாரோ ஒருவர், ஏதோ ஓர் ஆய்வகத்தில், இருபதுக்கு மேற்பட்ட மரபணுக்களை உட்கார்ந்து சேர்த்ததால்தான் அது இருக்கிறது. அதற்கு ஒரு பிறப்பிடம் உண்டு, கைமாறும் வழி உண்டு. கள்ளுக்குப் பொருந்திய "கலயத்தைப் பார், ஈஸ்டை விடு" என்ற முறையை இதற்கும் பயன்படுத்தினால், பிடிக்க முடிந்த இடத்தைக் கைவிட்டு, பிடிக்க முடியாத இடத்தில் போய் நிற்கிறோம்.

நம் சட்டம் இப்போது நிற்பது அங்கேதான். ஒருவர் தீபெய்ன் செய்யக்கூடிய உலர்ந்த ஈஸ்டைச் சிறு பொட்டலத்தில் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் தீபெய்ன் இல்லை. அவர் வைத்திருப்பது போதைப்பொருளும் அல்ல, மனமயக்கப் பொருளும் அல்ல. கசகசாவையும் கஞ்சாவையும் பயிரிடுவதைச் சட்டம் தடுப்பதுபோல் ஈஸ்டை வளர்ப்பதைத் தடுக்கும் பிரிவு இல்லை. செய்யும்போது குற்றமாக இல்லாத ஒன்றுக்குப் பிறகு தண்டனை தர முடியாது என்பது அரசியலமைப்பின் 20-ஆம் பிரிவு. களியக்காவிளை சோதனைச் சாவடியில் கஞ்சாப் பொட்டலத்தை மோப்ப நாய் பிடித்துவிடும். இந்தப் பொட்டலத்தில் ரொட்டிக்கடை வாசனைதான் வரும். கையடக்கச் சோதனைப் பெட்டியில் நிறமும் மாறாது.

முழுக்கத் தப்பிவிடுவார் என்று சொல்லவில்லை. பிரிவு 54 என்று ஒன்று இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. போதைப்பொருள் தயாரிக்கவென்றே வடிவமைத்த கருவியோ, அந்தத் தயாரிப்பை நோக்கி ஏதாவது ஒரு செயல்முறைக்கு உட்பட்ட மூலப்பொருளோ, அதன் மிச்சமோ ஒருவரிடம் இருந்து, அதற்கு அவர் ஒப்புக்கொள்ளத்தக்க விளக்கம் தராவிட்டால், குற்றம் செய்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம். வளர்ந்துகொண்டிருக்கும் கரைசலை இதில் கொண்டுவர முடியும். உலர்ந்த ஈஸ்டைக் கொண்டுவர முடியுமா? எனக்கு அது இழுத்துப் பிடித்த வாதமாகத்தான் படுகிறது. தெரிந்தே அனுப்பியவரைப் பிரிவு 29-இன் தூண்டுதல், சதி என்ற வகையில் பிடிக்கலாம். ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை நிரூபிக்க வேண்டும்.

அடுத்தது அளவுப் பிரச்சினை. என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான், ஏனென்றால் இதில் மாட்டப்போவது பெரிய கடத்தல்காரர் அல்ல, ஆர்வக்கோளாறில் ஏதோ செய்த மாணவர்.

இந்தச் சட்டத்தில் தண்டனையை முடிவு செய்வது எடை. மார்ஃபினுக்குச் சிறிய அளவு 5 கிராம், வணிக அளவு 250 கிராம். சிறிய அளவு என்றால் ஓராண்டு வரை சிறை. வணிக அளவு என்றால் குறைந்தது 10 ஆண்டு, 20 ஆண்டு வரை போகலாம், ஜாமீனும் பிரிவு 37-ஆல் மிகக் கடினம். எதை எடை போடுவது? சுத்தமான மருந்தையா, கலப்படம் உட்பட முழுப் பொட்டலத்தையா? 2008-இல் உச்ச நீதிமன்றம் மருந்தின் எடை மட்டும் என்றது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கலவையின் மொத்த எடையையும் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தெருவில் விற்கும் ஹெராயினுக்கு அந்தத் தீர்ப்பின் நியாயம் புரிகிறது. மாவு கலந்து விற்கிறவருக்கு அந்தக் கலப்படமும் சரக்குதானே.

இப்போது இதை ஈஸ்ட் கரைசலுக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு லிட்டர் கரைசல் ஏறக்குறைய ஒரு கிலோ. அதற்குள் மார்ஃபின் ஒரு மைக்ரோகிராம் இருக்கிறது. அதனால் ஒரு கொசுவுக்குக்கூட மயக்கம் வராது. கரைசல் என்பது எந்தப் பௌதிக நிலையில் இருந்தாலும் "தயாரிப்புப் பொருள்" என்கிறது வரையறை. மொத்த எடை என்ற விதியை அப்படியே போட்டால் ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவை வணிக அளவின் நான்கு மடங்கு.

எதிர்த்தரப்பிலும் வலுவான வாதம் இருக்கிறது. மார்ஃபின் கலந்த தயாரிப்புகள் 0.2 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் அபின் வழிப்பொருள் என்று அதே வரையறை சொல்கிறது. ஒரு லிட்டருக்கு இரண்டு கிராம் என்பது அந்தக் கோடு. மைக்ரோகிராம் கணக்கில் வரும் கரைசல் அதன் பக்கத்திலேயே போகாது. அப்படியானால் வழக்கே இல்லை என்று வக்கீல் சொல்வார். ஒரே குடுவைக்கு ஒரு வாசிப்பில் பத்து ஆண்டு, இன்னொரு வாசிப்பில் விடுதலை. நடுவில் எதுவும் இல்லை. ஒரு சட்டம் இப்படி இருக்கலாமா?

பக்கத்து மாநிலத்திலிருந்து ஒரு வெளிச்சம் வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம், மேஜிக் காளான் பற்றிய ஒரு ஜாமீன் வழக்கில், காளான் இயற்கையாக விளைந்த ஒரு பூஞ்சை, அதைக் கலவை என்று சொல்ல முடியாது, அதனால் காளானின் முழு எடையைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது. ஈஸ்டும் பூஞ்சைதான்! உயிருள்ள செல்லுக்குள் இருக்கும் பொருளை மாவில் கலந்த பொருளோடு ஒன்றாக வைக்கக் கூடாது என்ற அந்தப் பார்வை சரியானது. ஆனால் மரபணு மாற்றிய ஈஸ்ட் இயற்கையாக விளைந்தது அல்ல என்று அரசுத் தரப்பு சொல்லும். அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தவும் செய்யாது. இன்னொரு சிக்கலும் உண்டு: பறிமுதல் செய்த குடுவையில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். தடயவியல் ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும் வரை அது வேலை செய்துகொண்டே இருக்கலாம், அல்லது செத்துப் பொருள் சிதைந்தும் போகலாம். எந்த நாளின் அளவு சாட்சியம்? மாதிரி எடுக்கும் விதிகள் பொடியையும் இலையையும் மனதில் வைத்து எழுதியவை.

இதுவரை சொன்னது ஒரு சட்டம். மறுபக்கம் மரபணு மாற்றிய உயிர்களுக்கென்றே வேறு சட்டம் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989 டிசம்பரில் வந்த விதிகள் அவை. ஈஸ்டில் ஒரு மரபணு சேர்ப்பதாக இருந்தாலும் நிறுவனத்தில் உயிரிப்பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதற்கு மேலே மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறையில் ஒரு குழு, சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் ஒரு குழு, மாநிலத்துக்கு ஒரு குழு. மாவட்டத்துக்கும் ஒன்று, ஆட்சியர் தலைமையில். நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்துக்கு இந்தப் பொறுப்பு உண்டு என்பது மாவட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? தொழிற்சாலை ஆய்வாளர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பிரதிநிதி, வேளாண் அதிகாரி, மருத்துவ அதிகாரி எல்லோரும் அதில் இருக்க வேண்டும். காவல்துறை இல்லை. போதைப்பொருள் பிரிவும் இல்லை. அந்த விதிகள் நோய், சூழல் கேடு என்ற கண்ணோட்டத்தில் எழுதியவை. ஓபியாய்டு ஈஸ்ட் யாருக்கும் நோய் உண்டாக்காது, சூழலையும் கெடுக்காது. அதனால் அந்தக் கண்ணில் அது ஆபத்து குறைந்த உயிர்.

தண்டனையையும் ஒப்பிடுங்கள். 2023-இல் வந்த ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டம், சுற்றுச்சூழல் சட்ட மீறலுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியது. 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. ஆக, அனுமதி இல்லாமல் ஓபியாய்டு ஈஸ்டை உருவாக்கினால் அபராதம். அது ஒரு துளி மார்ஃபின் சுரந்தால் பத்தாண்டு சிறை வரலாம். இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

2015-இலேயே எம்ஐடியின் கென்னத் ஓய், ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் டானியா புபேலா உள்ளிட்டோர் நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். வெளியே பயன்படாத அளவுக்கு விசேஷ உணவு தேவைப்படும்படி ஈஸ்டை வடிவமைப்பது, டிஎன்ஏவில் அடையாளக் குறி வைப்பது, டிஎன்ஏ செய்து விற்கும் நிறுவனங்கள் இந்த மரபணுக்களுக்கான ஆர்டர்களைச் சரிபார்ப்பது, ஸ்ட்ரெயின்களைப் பூட்டி வைப்பது என்பவை அவர்கள் யோசனைகள். டிஎன்ஏ நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று 2009 முதல் ஆர்டர்களைச் சரிபார்க்கிறது. ஆனால் அது முதன்மையாகத் தேடுவது நோய்க்கிருமிகளை.

இந்தியாவுக்கு என் யோசனை எளிது. பிரிவு 9ஏ ஏற்கனவே இருக்கிறது. போதைப்பொருள் தயாரிக்கப் பயன்படக்கூடியவை என்று கட்டுப்பாட்டுப் பொருளாக அறிவித்தவற்றுக்கு, வாங்குவோர் விற்போர் பதிவேட்டைக் கட்டாயமாக்கும் அதிகாரம் அது. ஹெராயின் செய்யப் பயன்படும் அசெட்டிக் அன்ஹைட்ரைடு அப்படித்தான் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பட்டியலில் உள்ள போதைப்பொருளை முழுமையாகச் செய்யக்கூடிய ஸ்ட்ரெயின்களையும் அதில் சேர்க்கலாம். உயிருள்ள ஒன்று "பொருள்" ஆகுமா என்ற சந்தேகம் வராதபடி சட்டத்தில் ஒரு வரியைத் திருத்திவிட வேண்டும். சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்க் காப்பகம் 2002 முதல் சர்வதேச வைப்பகமாக அங்கீகாரம் பெற்றது. ஒப்படைக்கவும் எண்ணிடவும் ஓர் இடம் நமக்கு இருக்கிறது. அதோடு, நொதித்தல் கரைசலுக்கு மொத்த எடை விதி பொருந்தாது, உள்ளே இருக்கும் மருந்தின் எடையே கணக்கு என்று ஓர் அறிவிக்கை வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். முதலாவதை மட்டும் செய்தால் ஆய்வகங்களைப் பயமுறுத்துவோம்.

பயம் என்ன செய்யும் என்பதை நாம் ஏற்கனவே பார்த்துவிட்டோம். 1985 சட்டம் வந்த பிறகு மருத்துவமனைகளில் மார்ஃபின் பயன்பாடு வெகுவாகச் சரிந்தது. வாங்க, கொண்டுவர, வைக்க ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமம், தவறினால் சிறை என்பதால் மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் ஒதுங்கிவிட்டன. கசகசா விளையும் நாட்டில், நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசே அபின் ஆலை நடத்தும் நாட்டில், புற்றுநோய் முற்றியவர்கள் வலியில் துடித்தார்கள். திருவனந்தபுரத்தின் பாலியம் இந்தியா அமைப்பும் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் நெடுங்காலம் போராடியதன் பலனாகத்தான் 2014 திருத்தம் வந்து, மார்ஃபின் உள்ளிட்ட அத்தியாவசிய மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே விதி ஆனது. குமரி மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரம் புற்றுநோய் மையத்துக்குப் பஸ் ஏறிப்போன குடும்பங்களுக்கு அந்த மாத்திரையின் மதிப்பு தெரியும். வலி மருந்து ஒரு நாள் மலிவாக, வயலை நம்பாமல் தொட்டியில் வரும் என்றால் அதைத் தடுக்கும் சட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன். அப்போது நீமச், மந்த்சௌர், சித்தோர்கர் பகுதிகளில் உரிமம் பெற்றுக் கசகசா பயிரிடும் விவசாயிகள் என்ன ஆவார்கள் என்பதையும் அரசு இப்போதே யோசிக்க வேண்டும்.

கடைசியாக உங்கள் ப்ராஜெக்ட், தம்பி. பட்டியலில் உள்ள பொருளில் முடியும் பாதையைத் தொடவே வேண்டாம். இளங்கலை மாணவருக்கு அந்த அனுமதிகள் கிடைக்காது. கேட்கும் முன்பே செய்துவிட்டுப் பிறகு விளக்கம் சொல்லலாம் என்று நினைப்பது பெரிய ஆபத்து. ஆராய்ச்சிதானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பிரிவு 8-இன் விலக்கு அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும்தான். பிரிவு 35-இன்படி உங்களுக்குக் குற்ற மனம் இல்லை என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். இணையத்தில் யாராவது ஸ்ட்ரெயின் அனுப்புகிறேன் என்றால் முகவரி கொடுக்காதீர்கள். கட்டுரைகளைப் படிப்பதும், கணினியில் பாதைகளை மாதிரி செய்து பார்ப்பதும் குற்றம் அல்ல.

கையால் செய்துதான் பார்க்க வேண்டும் என்றால் பட்டியலுக்கு வெளியே வேண்டிய அளவு வேலை இருக்கிறது. நித்தியகல்யாணியின் ஆல்கலாய்டுப் பாதையில் ஒரே ஒரு நொதியை ஈஸ்டில் வெளிப்படுத்திப் பார்ப்பதே ஆறு மாத ப்ராஜெக்டுக்குப் போதும். அதற்கும் உங்கள் கல்லூரியின் உயிரிப்பாதுகாப்புக் குழு மத்திய அரசின் இணையதளத்தில் பதிவு பெற்றிருக்கிறதா என்று உங்கள் துறைத் தலைவரிடம் முதலில் கேளுங்கள். பதிவு இல்லையென்றால், குழு உள்ள ஒரு நிறுவனத்தின் வழிகாட்டியோடு சேர்ந்து விண்ணப்பியுங்கள். எந்த மரபணு, எந்த உயிரிலிருந்து, எந்த ஈஸ்டில், கடைசியில் என்ன பொருள் வரும், வேலை முடிந்ததும் செல்களை எப்படி அழிப்பீர்கள் என்ற ஐந்தையும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.